எங்க வீட்ல பழக்கம் இல்லக்கா

கண்ணா,

இப்போது நீ கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய். நான் இந்தப் பக்கம், ஒரு கால் ஆடும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில். தாம்பரம் மேற்கில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கும் இந்தப் பேச்சுப் பயிற்சி நிலையத்தில் அம்மாக்களை உள்ளே விடமாட்டார்கள். நாற்பத்தைந்து நிமிடம் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற அம்மாக்கள் போன் பார்க்கிறார்கள், ஒருவர் கீரை ஆய்கிறார். நான் உன் பயிற்சி நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். உனக்கு நான்கு வயது ஆகப்போகிறது. வருகிற திங்கட்கிழமை எல்.கே.ஜி. போகிறாய். ஆனால் இதைப் படிக்கப்போவது அந்தச் சிறுவன் இல்லை, வளர்ந்த ஓர் ஆள். ஒருவேளை இதைப் படிக்கிற நேரத்தில் உன் தோளிலேயே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். அந்த ஆளுக்குத்தான் எழுதுகிறேன். எல்லாம் நடந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது, அப்போதே எழுதியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

நான் முதன்முதலில் என்னம்மா பேசினேன் என்று என்றைக்காவது கேட்பாய். எல்லா அம்மாக்களும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடும் பதில் அது. ‘அம்மா’, ‘தத்தா’, ‘காக்கா’ என்று ஏதாவது ஒன்று. என்னால் அப்படி ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. அதற்கு முன்னால் ஒரு பொய்யைப் பற்றிச் சொல்லவேண்டும், ஒரு ஸ்டிக்கர் பொட்டைப் பற்றிச் சொல்லவேண்டும், ஷேர் ஆட்டோவில் வந்த இரண்டு பெண்களைப் பற்றியும் சொல்லவேண்டும்.

உன் அப்பா கிறிஸ்தவர், நான் இந்து. உனக்கு இது தெரிந்ததுதான். அனகாபுத்தூரில் இருந்த என் வீட்டாரும், தாம்பரத்தில் இருந்த அவர் வீட்டாரும் ஓராண்டு எங்களோடு பேசவில்லை. நீ பிறந்ததும் ஒரே நாளில், ஒரே வார்டுக்கு, இரு தரப்பும் வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் வெள்ளி அரைஞாண் கொடி, இன்னொருவர் கையில் சிலுவை தொங்கும் மெல்லிய சங்கிலி. அப்பா இரண்டையும் மரியாதையாக வாங்கி, ஒரே டப்பாவில் போட்டு மூடினார். “அவன் பெரியவனாகி எதை வேணும்னாலும் எடுத்துப் போட்டுக்கட்டும். அதுவரைக்கும் அவன் உடம்புல நாம எதையும் போட வேணாம், சரியா?” என்றார். சரி என்றேன். தையல் வலியோடு படுத்திருந்த ஒருத்தி கொடுத்த வாக்கு என்று அதைத் தள்ளிவிட முடியாது. முழு மனதோடுதான் சொன்னேன். அந்த டப்பா இன்னும் பீரோவில், பாஸ்போர்ட் கவருக்குக் கீழே இருக்கிறது.

அந்த வாக்கைக் காப்பாற்றுவது வீட்டுக்குள் சுலபமாக இருந்தது. கஷ்டம் வெளியே வந்தபோதுதான் தொடங்கியது. உனக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று பரிசோதனை சொன்னது. புரிந்துகொள்கிறாய், சிரிக்கிறாய், வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுகிறாய். வாய் மட்டும் திறக்கவில்லை. ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, வாரத்தில் மூன்று நாள் உன்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பம்மலில் தெரு முனையிலிருந்து ஷேர் ஆட்டோ, பல்லாவரத்தில் மின்சார ரயில், தாம்பரத்தில் இறங்கி மறுபடி நடை. திரும்ப இதே வழி. அப்படி ஒன்றரை ஆண்டு. அந்த வழியில் எத்தனை பேர் உனக்கு வைத்தியம் சொன்னார்கள் என்று நான் எண்ணியிருந்தால் இந்த நோட்டு போதாது.

லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் ஒரு பெண் உன்னைப் பார்த்து, “பேர் என்ன, செல்லம்?” என்பார். நீ ஜன்னலைப் பார்ப்பாய். அவர் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பிறகு எல்லாம் ஒரே மாதிரிதான் போகும். “இன்னும் பேசலையா?” எதிர் சீட்டிலிருந்து இன்னொருவர் திரும்புவார். வசம்பைச் சுட்டு, தேனில் இழைத்து நாக்கில் தடவு என்பார் ஒருவர். நாக்குக்கு அடியில் கட்டு இருக்கும், டாக்டரிடம் காட்டி வெட்டு என்பார் இன்னொருவர். போன் கொடுத்துப் பழக்கினாயா, தாய்ப்பால் எத்தனை மாதம் கொடுத்தாய், ஆபரேஷன் பண்ணி எடுத்ததா, வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறீர்களா? குரோம்பேட்டை வருவதற்குள் என் கர்ப்பப்பைவரை விசாரணை முடிந்துவிடும். நடுவில் யாராவது ஆறுதலும் சொல்வார்கள். “எங்க சித்தப்பா பையன் ஏழு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. இப்ப வக்கீலு. வாய மூடச் சொல்லி ஜட்ஜு கெஞ்சுறாரு.” எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இறங்கி பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் நின்று மூக்கைச் சிந்திவிட்டு நடப்பேன்.

கடைசியில் எல்லாம் சாமியில் வந்து முடியும். உன் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இல்லை, இடுப்பில் கயிறு இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. நம் தெருவிலிருந்து தையல் கம்பெனிக்குப் போகிற ஓர் அக்கா, கழுத்தில் அடையாள அட்டையும் இடுப்பில் சாப்பாட்டுப் பையுமாக, அடிக்கடி நம் ஆட்டோவில் ஏறுவார். “இன்னாம்மா, கொயந்த இவ்ளோ செவப்பா கீது, ஒரு மை கூட வெக்காம தூக்கிகினு வர? ஊரு கண்ணு பூரா இது மேலதான் கீது” என்பார் முதல் நாளே. டாக்டர் அதெல்லாம் வேண்டாமென்று சொல்லியிருக்கிறார் என்றேன். “டாக்டருக்கு இன்னா தெரியும்? அவுரா புள்ள பெத்தாரு?” என்றார். ஆட்டோ முழுக்கச் சிரிப்பு. இன்னொரு நாள் துணிந்து, எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லையென்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், “பேசாத புள்ளைய மடியில வெச்சுக்கினு அப்டி சொல்லாதம்மா. வேணாம்” என்றார். அவர் கண்ணில் உண்மையான பயம் இருந்தது. அந்தப் பயம் என் மேலும் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்தும் போகவில்லை.

நான் படித்தவள். எம்.காம். முடித்து, பெரிய பெரிய கம்பெனிக்காரர்களிடம் ‘இந்த பில் செல்லாது சார்’ என்று சொல்லிப் பழகியவள். ஆனால் குழந்தையைக் கையில் வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்குத் தெருவில் எந்தப் படிப்பும் துணை வராது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை உன்னை அப்பாவோடு பயிற்சிக்கு அனுப்பினேன். திரும்பி வந்து, “யாரும் ஒண்ணும் கேக்கலையே. ஒருத்தர் எழுந்து சீட் குடுத்தாரு. பொறுப்பான அப்பான்னு ஒரு அம்மா சொன்னாங்க” என்றார். நான் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

பிறகு ஒரு நாள், தானாகவே ஒரு வழி கிடைத்தது. அன்று அவசரத்தில் பொட்டு வைக்காமல் கிளம்பிவிட்டேன். ரயிலில் ஒரு பெண் வழக்கம்போல ஆரம்பித்தவர், என் நெற்றியைப் பார்த்து நிறுத்தி, “கிறிஸ்டியனாம்மா?” என்றார். சோர்வில் ஆமாம் என்று தலையாட்டி, “எங்க வீட்ல பழக்கம் இல்லக்கா” என்றேன். “ஓ, அப்ப சரிம்மா” என்று சொல்லி, கைப்பையைத் திறந்து வேர்க்கடலை சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான். டாக்டரைச் சொல்லியும் நம்பிக்கையைச் சொல்லியும் நிற்காத வாய், பழக்கம் என்று சொன்னதும் நின்றது. நம் ஊரில் ஒருத்தியின் அபிப்பிராயத்தை யார் வேண்டுமானாலும் அடித்துப் பேசலாம். ஒரு வீட்டின் பழக்கத்தை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். எனக்கு ஏதோ சாவி கிடைத்ததுபோல இருந்தது.

அதற்குப் பிறகு அதையே பிழைப்பாக்கிக்கொண்டேன். மை வைக்கச் சொல்கிறவர்களிடம் நாங்கள் கிறிஸ்டியன். ஜெபத்துக்குக் கூப்பிடுகிறவர்களிடம் நாங்கள் இந்து. இரண்டு பதிலுக்கும் வால் ஒன்றுதான். வலது கையை லேசாகத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டி, முகத்தில் ஒரு சின்னச் சிரிப்போடு, “எங்க வீட்ல பழக்கம் இல்லக்கா.” இதற்காக என் ஸ்டிக்கர் பொட்டை போன் கவரின் பின்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். எதிரே உட்காருகிறவரின் கழுத்தையும் நெற்றியையும் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் போனிலிருந்து எடுத்து நெற்றியில் வைப்பேன், இல்லாவிட்டால் நெற்றியிலிருந்து எடுத்துப் போனில் ஒட்டுவேன். நீ என் மடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் இங்கே பயிற்சி தரும் மிஸ் கதவைத் திறந்து உற்சாகமாகச் சொன்னார்: “ஸ்டிக்கரை எடுத்து நெத்தியில ஒட்டுறான், திரும்ப எடுத்து பொம்மை போன்ல ஒட்டுறான்! நல்லா இமிடேட் பண்றான்மா!” நான் தரையைப் பார்த்தேன். எதைப் பார்த்துச் செய்கிறான் என்று சொல்லவில்லை.

அந்த மிஸ் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஒரே வாக்கியத்தை, ஒரே தொனியில், ஒரே கையசைவோடு, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் சொல்லுங்கள், ஒரு நாள் அது வெளியே வரும் என்று. நான் ‘தண்ணி வேணும்’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் பிரிட்ஜில் எழுதி ஒட்டினேன். ஒரு நாள் சொல்வேன், மறுநாள் மறந்து தம்ளரை நீட்டிவிடுவேன். தவறாமல் ஒரே மாதிரி நான் சொன்ன வாக்கியம் வேறு. அப்போது அது எனக்குத் தோன்றவே இல்லை.

தை மாதம் ஒரு மதியம். பயிற்சி முடிந்து பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். பக்கத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த தையல் கம்பெனி அக்கா. எதிரே, ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்க்கிற அம்மா, மடித்த குடையோடு. அவரையும் எனக்குத் தெரியும். பலமுறை தன் புதன்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கூப்பிட்டு, நாங்கள் இந்து என்று நான் சொல்லித் திருப்பியனுப்பியவர். இருவரும் ஒரே ஆட்டோவில் இருந்து நான் பார்த்ததில்லை. என் நெற்றி காலி, பொட்டு போனில். சிக்னலில் ஆட்டோ நின்றது. வெயில். உனக்குப் பசி. நீ அழ ஆரம்பித்தாய். வார்த்தை இல்லாத உன் அழுகை நீளமாக, ஒரே சுருதியில் போகும். அக்கா உன் காலைத் தடவி, “பாவம், கண்ணுதான் பட்டுகீது. இவங்க கிறிஸ்டினு, ஒண்ணும் வெக்க மாட்டாங்க” என்றார், எதிரே இருந்த அம்மாவிடம், எனக்காக வக்காலத்து வாங்குவதுபோல. அந்த அம்மா குடையை நிமிர்த்திக்கொண்டார். “யாரு? இவங்களா? இந்துன்னு சொன்னாங்களே. போன மாசம்கூட ஏதோ பொங்கல் வெக்கிறோம்னாங்க.” இருவரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவின் கண் என் கையிலிருந்த போனுக்குப் போனது. “இன்னாம்மா இது, உன் போனு பொட்டு வெச்சிகினு கீது, நீ வெக்கல?”

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் இருந்த காலேஜ் பெண் கமுக்கமாகச் சிரித்தாள். சண்டை வரும், திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: “நீ எந்தச் சாமின்னு உனக்கே தெரியலைன்னா, புள்ள என்னன்னும்மா பேசும்?” கண்ணா, அதுவரை ஒரு வருடமாக ரயிலிலும் ஆட்டோவிலும் கேட்ட எதுவும் என்னை அப்படி அறுத்ததில்லை. ஏனென்றால் இரவும் பகலும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வி அதுதான். எங்கள் இருவரின் பிடிவாதம்தான் உன் வாயைக் கட்டிவிட்டதோ? உனக்கு என்று ஒரு பக்கத்தை நாங்கள் கொடுக்காததால்தான், எந்தப் பக்கம் திரும்பிப் பேசுவது என்று தெரியாமல் நிற்கிறாயோ? முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுதேன். உன் அழுகையும் என் அழுகையும் சேர்ந்து அந்த ஆட்டோவையே நிறைத்தது.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து மை டப்பாவை எடுத்து, ஆள்காட்டி விரலால் உன் இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தார். அதே நேரம் அந்த அம்மா முன்னால் சாய்ந்து, உன் தலையில் கையை வைத்துக் கண்ணை மூடி, “இயேசப்பா, இந்தக் குழந்தையோட நாவைத் தொடும்” என்று முணுமுணுத்தார். இருவரில் ஒருவரும் மற்றவரைத் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. இதைத்தான் உன்னிடம் சொல்லவேண்டும்: நானும் கண்ணை மூடிக்கொண்டேன். யாரை என்று இல்லாமல், யாராக இருந்தாலும் சரியென்று, கேட்டேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கு எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும் கேட்டேன்.

அப்பா வருவதற்குள் கன்னத்தைத் துடைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நீ தோளில் தூங்கிவிட்டாய். வீட்டுக் கதவு திறந்திருந்தது. வேலை பார்க்கிற லேப்பில் ஷிப்ட் மாற்றி, அப்பா முன்னாலேயே வந்திருந்தார். உன்னை வாங்கிக்கொண்டார், நீ விழித்தாய். “என்ன இது, கன்னத்துல அழுக்கு?” என்று கட்டைவிரலால் துடைக்கப் போனார். நீ அவர் கையைத் தள்ளினாய். வலது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டி, முகத்தில் அதே சின்னச் சிரிப்போடு, தெளிவாகச் சொன்னாய்: “பயக்கம் இல்ல.”

அதுதான் உன் முதல் பேச்சு.

அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடினார். “பேசிட்டான்! ஏய், இங்க வாயேன், பேசிட்டான்! இன்னொரு தடவ சொல்லுடா!” நீயும் சொன்னாய். அவர் அழுதுகொண்டே சிரித்தார். “பழக்கம் இல்லன்னு சொல்றான்! இதை யாரு சொல்லிக்குடுத்தா, மிஸ்ஸா?” மூன்று வருடம் காத்திருந்த அந்த நிமிடத்தில் நான் மட்டும் சந்தோஷப்பட முடியாமல் கதவுப் பக்கம் நின்றிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். மை, ஜெபம், பொய், போனில் இருந்த பொட்டு, எல்லாம்.

அவர் முதலில் சிரித்தார். “அப்போ செவ்வாய்க்கிழமை காலைல நான் இந்து, சாயங்காலம் கிறிஸ்டியன். லேப்லகூட எனக்கு இவ்ளோ ஷிப்ட் போட மாட்டாங்க” என்றார். பிறகு சிரிப்பு நின்றது. உன்னைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டார்: “நாம யாருன்னு சொல்ல உனக்கு வெக்கமா இருந்துச்சா?” வெட்கம் இல்லை, சோர்வு என்றேன். “எனக்கு போன் பண்ணியிருக்கலாம்ல?” “பண்ணி? ஸ்பீக்கர்ல போட்டு நீங்க அவங்ககூட சண்டை போடுவீங்களா?” அவர் என் மேல் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஏதோ ஒரு பிடி கிடைத்திருக்கும். அவர் போய் ஈரத்துணி எடுத்து வந்தார், உன் கன்னத்தைப் பார்த்தார், துடைக்காமல் துணியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நானும் துடைக்கவில்லை. அது தானாகப் போகட்டும் என்று இருவரும் விட்டுவிட்டோம். இரண்டு நாளில் போனது.

இனிமேல் உண்மையை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தோம். அடுத்த வாரமே ஷேர் ஆட்டோவில் ஒரு புதிய பெண் ஆரம்பித்தபோது, நெஞ்சை நிமிர்த்தி, அவர் கிறிஸ்டியன், நான் இந்து, பையனுக்கு எதுவும் போடுவதில்லையென்று முடிவு பண்ணியிருக்கிறோம் என்றேன். பம்மலிலிருந்து பல்லாவரம்வரை முழு ஆட்டோவும் அதைப் பற்றிப் பேசியது. முன் சீட்டில் இருந்த ஒரு சார் திரும்பி உட்கார்ந்துகொண்டு அரசியல் சட்டத்தைத் தொட்டார். டிரைவர், “சிஸ்டர், நான் ஒண்ணு சொல்லட்டா, தப்பா நெனைக்கக் கூடாது” என்று வண்டியை ஓரங்கட்டவே போனார். அன்று உண்மையின் மேல் இருந்த ஆசையும் எனக்குப் போய்விட்டது. இப்போது மதத்தைச் சொல்வதில்லை, வாலை மட்டும் சொல்கிறேன். எதையும் போடாமல் விடுவதும் நம் வீட்டுப் பழக்கம்தானே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

ஆனால் உனக்கு அது வாலாக இல்லை, முழுப் பேச்சாகவே ஆகிவிட்டது. இட்லி வைத்தால் பழக்கம் இல்லை. குளிக்கக் கூப்பிட்டால் பழக்கம் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் உன் பெயரைக் கேட்டு ஒரு சாக்லேட்டை நீட்டினார். நீ கையைத் தூக்கிச் சொன்னாய். “எவ்ளோ டிசிப்ளின்!” என்று அவர் வியந்து சேர்த்துக்கொண்டார். அந்தக் கதையைச் சொல்லி அப்பா இன்னும் சிரிக்கிறார். போன வாரம் இங்கே நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. காத்திருக்கும் இடத்தில் ஒரு குட்டிப் பெண் தன் பந்தை உருட்டி உன் காலடிக்கு அனுப்பினாள். உன்னோடு விளையாட வந்த முதல் குழந்தை அவள். நீ பந்தைப் பார்த்தாய், அது உனக்கு வேண்டும் என்று உன் முகமே சொன்னது. ஆனாலும் கை தூக்கி, “பயக்கம் இல்ல” என்றாய். அவள் வந்து பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நீ அவள் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்நியர்களைத் தள்ளிவைக்க நான் செய்த கதவை உன் வாயில் மாட்டிவிட்டிருக்கிறேன், கண்ணா. இப்போது உனக்கு இருபது வார்த்தை வருகிறது. ‘வா’வும் ‘தா’வும் அதில் இருக்கின்றன. ஆனால் புது முகம் பக்கத்தில் வந்தால் முதலில் வருவது அதுதான். திங்கட்கிழமை முப்பது புது முகங்கள். நான் பள்ளிக்கூட கேட்டோடு நின்றுவிட வேண்டும்.

அந்த இரண்டு பெண்களையும் மறுபடி பார்த்தேன். நீ பேச ஆரம்பித்ததை மறைக்க முடியவில்லை, நீயே ஆட்டோவில் சொல்லிக் காட்டிவிட்டாய். குடைக்கார அம்மா உன் கையைப் பிடித்து, “போன புதன்கிழமைகூட ஜெபத்துல இவனுக்காகக் கேட்டோம்மா. பேரு தெரியாதுல்ல, பேசாத பம்மல் பையன்னு சொல்லித்தான் எல்லாரும் ஜெபிக்கிறோம். இனிமே சபையில எல்லார் முன்னாடியும் நான் சாட்சி சொல்லணும்” என்றார். தையல் அக்கா இன்னொரு நாள் இறங்கும்போது சொன்னார்: “உனக்கு சொல்லல, கோச்சுக்காத. நம்ம ஆத்தாவுக்கு வேண்டிக்கினு போன வெள்ளிக்கெயம பொங்கல் வெச்சிட்டேன். நீ ஒண்ணும் பண்ண வேணாம். உங்க வூட்ல பயக்கம் இல்லல்ல.” சொல்லிவிட்டுக் குத்தலாகச் சிரித்தார். நன்றி சொன்னால் வாக்கை மீறியதாகும், சொல்லாவிட்டால் மனுஷியே இல்லை. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். நீ ரயிலில் தரையில் புரண்டு அழுத நாளில் என் பையைப் பிடித்துக்கொண்டவர்களும், உனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தவர்களும், என் கர்ப்பப்பையை விசாரித்தவர்களும் ஒரே ஆட்கள்தான். மிஸ்ஸின் பயிற்சியா, என் பொய்யா, கன்னத்து மையா, தலையில் வைத்த கையா, இல்லை உனக்கே நேரம் வந்ததா, எது உன்னைப் பேசவைத்தது என்று எனக்குத் தெரியாது. மிஸ் பெயரைத்தான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் அந்த ஆட்டோவில் மூடிய கண்ணை நான் இன்னும் முழுதாகத் திறக்கவில்லையோ என்று சில நேரம் தோன்றுகிறது.

ஒரு புத்திமதியாவது சொல்லலாம் என்றுதான் நோட்டைத் திறந்தேன். யாராவது தெருவில் நிறுத்தி உன் குழந்தையைப் பற்றிச் சொன்னால் என்ன பதில் சொல்வது? உண்மையைச் சொல்லிப் பார்த்தேன், பொய் சொல்லிப் பார்த்தேன், சும்மா இருந்தும் பார்த்தேன். ஒன்றும் எனக்குக் கை கொடுக்கவில்லை. சற்று முன்னால்கூட, பக்கத்து நாற்காலியில் ஒரு சின்னப் பெண், தன் இரண்டு வயதுப் பையனுக்குச் சாப்பாடு ஊட்ட போனில் பாட்டு போட்டுக் காட்டினாள். “போன் குடுக்காதீங்கம்மா, அதான் பேச்சு வராது” என்று என் வாயிலிருந்து வந்தது. சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அது என் பழைய முகம். மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லக்கா என்றாள், ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

உள்ளே நாற்காலி நகர்த்தும் சத்தம் கேட்கிறது, நேரம் முடிந்துவிட்டது. ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். உன் குழந்தை பிறந்ததும் நான் வருவேன். கையில் ஏதாவது கொண்டுவருவேன். இப்படித் தூக்கு, அப்படிப் படுக்கவை, ஏன் இன்னும் பேசவில்லை, அங்கே போய்க் கேட்டுப்பார் என்று சொல்வேன். சொல்லமாட்டேன் என்று இப்போது எழுதிக் கொடுத்தால் அது பொய்யாகிவிடும். அன்றைக்கு உன் வீட்டுக்கு நானும் ஆட்டோவில் பக்கத்தில் ஏறிய ஒருத்திதான். அப்போது என்ன சொல்லவேண்டும் என்று உனக்குத் தெரியும், வேறு எதையும் சொல்வதற்கு முன்னாலேயே நீ அதைக் கற்றுக்கொண்டாய். தயங்காமல் சொல்லு. ஆனால் கையை மட்டும் தூக்காதே கண்ணா. என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லு.

அம்மா